நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடந்த அறுபது வருட வழக்கு

போன வாரம் ஒரு நண்பர் வாட்ஸாப்பில் படம் அனுப்பியிருந்தார். ஒரே வேலி, அதில் பின்னிக்கொண்டு ஏறிய சங்குப்பூக் கொடிகள். சிலவற்றில் நீலப் பூ, சிலவற்றில் சுத்த வெள்ளை. கீழே ஒரு வரி: “ரெண்டும் ஒரே செடிதானே? பின்னே எதுக்கு ரெண்டு கலர்?” நான் வாய்ஸ் நோட்டில் ஆரம்பித்தேன். மூன்றாவது நோட் போனதும், “சார், பதிவா எழுதிடுங்க, மெதுவா படிச்சுக்கறேன்” என்று நாசூக்காகக் கழற்றிவிட்டார். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் வேறு இரண்டு சமாச்சாரங்களை ஒதுக்கிவிடலாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தோட்டங்களில் குண்டுகுண்டாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவைப் பார்த்திருப்பீர்கள். அமிலத்தன்மை கூடிய மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே ஏறும், பூ நீலமாகிவிடும். அமிலம் குறைந்த மண்ணுக்கு மாற்றினால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். அங்கே வர்ணம் அடிப்பது மண். ரங்கூன் மல்லி வேறு மாதிரி. சாயங்காலம் வெள்ளையாக விரியும், மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கப்புறம் நல்ல சிவப்பு. அது பூவின் வயசு. இந்த இரண்டிலும் ஒரே செடிதான் நிறம் மாற்றிக்கொள்கிறது.

நண்பரின் வேலியில் நடப்பது அது இல்லை. வெள்ளைக் கொடி எந்த மண்ணில் வைத்தாலும் வெள்ளையாகத்தான் பூக்கும். வித்தியாசம் மரபணுவில் இருக்கிறது. நீலம், ஊதா, இளஞ்சிவப்பு எல்லாம் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்ற நிறமிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. செடி அதைப் பல படிகளில், படிக்கு ஒரு நொதி என்று வைத்துத் தயாரிக்கிறது. அதில் ஒரு நொதிக்கான மரபணுவோ, அதை முடுக்கிவிடுகிற மரபணுவோ பழுதானால் நிறமி வராது, பூ வெளுத்துவிடும். ஆகவே “எப்படி” என்ற கேள்விக்குப் பதில் சுலபம். பூச்செடிகளில் இந்தப் பழுது அடிக்கடி நடக்கிறது.

சங்கடம் “ஏன்” என்ற இடத்தில்தான். இரண்டு நிறத்தில் ஒன்று கொஞ்சமே கொஞ்சம் உசத்தி என்று வையுங்கள். நீலம் 100 விதை போடும் இடத்தில் வெள்ளை 99 போடுகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விதை வித்தியாசம், கணக்குப்படி, நூற்றில் ஒன்றாக இருந்த நீலத்தைச் சுமார் ஆயிரம் தலைமுறையில் நூற்றில் தொண்ணூற்றொன்பதாக்கிவிடும். வருஷத்துக்கு ஒரு தலைமுறை போடும் செடிக்கு ஆயிரம் வருஷம் என்பது பெரிய காலமே இல்லை. அப்படியானால் இன்றைக்கு நாம் பார்க்கிற எல்லாக் கூட்டத்திலும் ஒரே நிறம் ஜெயித்து முடிந்திருக்க வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதே, யார் அனுமதித்தது?

இந்தக் கேள்விக்காகப் பரிணாமவியலின் பெரிய தலைகள் அறுபது வருடத்துக்கு மேல் ஒரு பூவை வைத்து வாதாடியிருக்கிறார்கள். நண்பருக்கு நான் சொல்ல ஆரம்பித்தது அந்தக் கதையைத்தான். சங்குப்பூவை இங்கேயே விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போகலாம்.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மலையைத் தாண்டி இறங்கினால் மொஹாவே பாலைவனம். குளிர்கால மழை ஒழுங்காகப் பெய்த வருஷங்களில், வசந்தத்தில் அந்த மணல் முழுக்க ஒரு குட்டிச் செடி முளைக்கும். பெயர் லினாந்தஸ் பாரியே. விரல் உயரம் இருந்தால் அதிகம். புனல் மாதிரி ஐந்து இதழ்ப் பூ. கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் பூப்பதால் தரையே வெளுத்துப்போகும். பாலைவனப் பனி என்று அங்கே சொல்கிறார்கள். பெரும்பாலான இடத்தில் வெள்ளை மட்டும்தான். ஆனால் அங்கங்கே சில திட்டுகளில் நீலப் பூக்கள் கலந்திருக்கும். ஒரு இடத்தில் ஏறக்குறைய எல்லாம் நீலம், கொஞ்சம் தள்ளிப் போனால் பாதிப் பாதி, இன்னும் தள்ளிப் போனால் நீலம் சுத்தமாக இல்லை.

1941 வசந்தத்தில் இரண்டு பேர் இதை எண்ணக் கிளம்பினார்கள். ஒருவர் கார்ல் எப்ளிங், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் தாவரவியலாளர். இன்னொருவர் தியோடோசியஸ் டொப்ஷான்ஸ்கி. பழ ஈக்களை வைத்து மரபியலையும் டார்வினையும் ஒரே கூரைக்கடியில் கொண்டுவந்த ஆள். சாலைகளைப் பிடித்துக்கொண்டு போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுத்தி நிறுத்தி நீலம் எத்தனை, வெள்ளை எத்தனை என்று எண்ணினார்கள். மண்ணும் வெயிலும் பார்வைக்கு எங்கும் ஒரே மாதிரி. ஆனால் நிறத்தின் விகிதம் மட்டும் இடத்துக்கு இடம் தாறுமாறாக மாறியது. 1942-இல் கட்டுரை வந்தது. அதில் அவர்கள் கைகாட்டிய சந்தேக நபர்: தற்செயல்.

தற்செயலை ஒரு கணக்காக மாற்றியவர் சிகாகோவில் இருந்த சீவல் ரைட். உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் குடவோலையை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் பாதி நீல ஓலை, பாதி வெள்ளை ஓலை. கண்ணை மூடிப் பத்து ஓலை எடுக்கிறீர்கள். ஆறு நீலம், நாலு வெள்ளை வந்துவிட்டது. அடுத்த தலைமுறைக்கு அந்த ஆறு-நாலு விகிதத்தில் குடத்தை நிரப்பி, மறுபடி பத்து எடுங்கள். இப்படியே போனால் ஏதோ ஒரு சுற்றில் பத்தும் ஒரே நிறமாக வந்து, மற்றது குடத்தைவிட்டே காணாமல் போகும். எந்த நிறமும் உசத்தி இல்லை, எதுவும் மட்டம் இல்லை, குலுக்கல்தான். இதற்கு மரபணு நகர்வு என்று பெயர். எடுக்கிற ஓலை குறையக் குறைய இது வேகமாக நடக்கும். ஓலை லட்சக்கணக்கில் என்றால் விகிதம் அசைவதே தெரியாது.

அப்படியானால் கோடிக்கணக்கில் பூக்கிற ஒரு செடிக்கு இது எப்படிப் பொருந்தும்? ரைட்டின் சாமர்த்தியம் இங்கேதான். செடி கோடி இருக்கலாம், ஆனால் ஒரு செடியின் விதை எவ்வளவு தூரம் விழும்? மகரந்தத்தைத் தூக்கிப் போகிற பொடி வண்டு எவ்வளவு தூரம் பறக்கும்? கொஞ்ச தூரம்தான். ஆகவே உண்மையில் ஒன்றோடொன்று கலந்து பெருகும் “அக்கம்பக்கம்” மிகச் சின்னது. அவர் கணக்குப்படி சில பத்துச் செடிகள். பாலைவனம் முழுக்க இப்படிப்பட்ட சின்னச் சின்னக் குடங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனிக் குலுக்கல். 1943-இல் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளும் மக்கள்தொகை மரபியலில் இன்றைக்கும் பாடம்.

எனக்கு ரைட்டின் வாதம் அழகாகத்தான் படுகிறது. “இது எதற்கு?” என்று எதைப் பார்த்தாலும் கேட்கிற நம் புத்திக்கு, “எதற்கும் இல்லை” என்ற பதில் ஒரு நல்ல மருந்து. ஆனால் அழகாக இருப்பதால் மட்டும் ஒரு வாதம் சரியாகிவிடாது. இங்கிலாந்தில் ரொனால்ட் ஃபிஷருக்கும் ஈ. பி. ஃபோர்டுக்கும் இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. 1947-இல் ஓர் அந்துப்பூச்சியின் இறக்கை நிறத்தை வருஷா வருஷம் எண்ணிப் பார்த்து, இயற்கைத் தேர்வுதான் காரணம், குலுக்கல் இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். ரைட்டும் விடவில்லை. அது தனிக் குருக்ஷேத்திரம், இப்போது வேண்டாம்.

நம் பூவில் திருப்பம் எதிரணியிலிருந்து வரவில்லை. எப்ளிங்கிடமிருந்தே வந்தது. மற்றவர்கள் ஒருமுறை எண்ணிவிட்டு வாதாடிக்கொண்டிருந்தபோது, அவர் திரும்பத் திரும்பப் பாலைவனத்துக்குப் போனார். 1940-களின் நடுவில் தொடங்கி, ஒரே பட்டை நிலத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, பத்து வருஷத்துக்கு மேல் நீலம் வெள்ளை எண்ணினார். குலுக்கல்தான் நடக்கிறது என்றால் விகிதம் வருஷா வருஷம் அலைபாய வேண்டும். அலையவில்லை. நீலம் அதிகம் இருந்த இடத்தில் நீலம் அப்படியே, வெள்ளை இருந்த இடத்தில் வெள்ளை அப்படியே. 1960-இல் ஹார்லன் லூயிஸ், ஃபிரான்சிஸ் பால் ஆகியோரோடு சேர்ந்து இதை வெளியிட்டபோது, தான் முதலில் சொன்ன தற்செயலிலிருந்து எப்ளிங் விலகியிருந்தார்.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது விகிதம் அசையாதது அல்ல, அதற்கு அவர்கள் சொன்ன ஒரு காரணம். மண்ணுக்குள் கிடக்கும் விதை. மழை பொய்த்த வருஷங்களில் அந்தப் பாலைவனத்தில் லினாந்தஸ் முளைப்பதே அபூர்வம். விதைகள் வருஷக்கணக்கில் உயிரோடு மண்ணில் கிடந்து, மழை வந்தால் எழும்பும். நாம் ஒரு வசந்தத்தில் பார்க்கிற பூக்கள் ஒரு வருஷத்து விதையிலிருந்து வந்தவை அல்ல. பல வருஷத்து விதைகளின் கலவை. ரைட் சின்னது என்று நினைத்த குடத்தின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் இருந்திருக்கிறது. செடியைப் பற்றி எழுதுகிற நாம் எல்லோரும் மேலே தெரிகிறதை மட்டுமே செடி என்று நினைத்துவிடுகிறோம். ஒருவருஷச் செடிகளுக்கு அது பெரிய பிசகு.

ரைட் இதற்கெல்லாம் மசியவில்லை. 1978-இல் வந்த தன் பெரிய நூல் வரிசையின் நான்காம் தொகுதியில், எப்ளிங்கின் எண்களையே எடுத்துப் புதிதாகக் கணக்குப் போட்டு, தற்செயலே என்று மறுபடியும் நின்றார். அப்போது அவருக்கு வயசு 88.

அதற்குப் பிறகு வந்தவர்கள் டக்ளஸ் ஷெம்ஸ்கியும் பாலெட் பியர்ஸிசுடெக்கும். இவர்கள் பூவை எண்ணியதோடு நிற்காமல், எந்தச் செடி எத்தனை விதை வைக்கிறது என்று பதினோரு வருஷம் எண்ணினார்கள். பிழைப்பை அளக்காமல் நிறத்தை மட்டும் அளந்தால் வழக்கு முடியாது என்று புரிந்துகொண்டதுதான் இவர்கள் செய்த பெரிய காரியம். 2001-இல் வந்த முடிவு: நிறத்துக்குத் தகுந்தபடி விதை எண்ணிக்கை வித்தியாசப்படுகிறது, ஆனால் எப்போதும் ஒரே பக்கம் சாயவில்லை. வசந்த மழை குறைந்து எல்லாச் செடியும் திண்டாடுகிற வருஷங்களில் நீலம் அதிக விதை வைத்தது. மழை கொட்டி விதை குவிகிற வருஷங்களில் வெள்ளை முந்தியது. பூவுக்கு வருகிற முக்கிய விருந்தாளி ஒரு குட்டி வண்டு. அது நீலம் வெள்ளை என்று பார்க்கவே இல்லை.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். பூவின் நிறம் என்றதும் தேனீ, வண்ணத்துப்பூச்சி என்றுதான் நம் மனசு ஓடும். இங்கே மகரந்தம் சுமக்கிறவனுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. வழக்கு மொத்தமும் மழையோடு.

அதே ஆண்டு மைக்கேல் டுரெல்லி இவர்கள் இருவரோடும் சேர்ந்து ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விநோதம் இருக்கிறது. எல்லா வருஷத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வெள்ளை தோற்கிற நிறம்தான். ஆனாலும் அழியாமல் நிற்க முடியும். எப்படி? வெள்ளை ஜெயிக்கிற வருஷங்கள்தான் விதை மலையாய்க் குவிகிற வருஷங்கள். வறட்சியில் நீலம் இரண்டு மடங்கு விதை வைத்தாலும் மொத்தத்தில் விழுகிற விதையே கொஞ்சம். செழித்த வருஷத்தில் வெள்ளைக்குக் கிடைக்கிற சின்ன முன்னிலைகூட மண்ணுக்குள் ஏராளமான விதையாக இறங்கிவிடும். அந்தச் சேமிப்பிலிருந்து வெள்ளை பல கெட்ட வருஷங்களை ஓட்டிவிடும். அதே நேரம், பல வருஷங்களில் நீலம் முந்துவதால் அதையும் துடைத்துவிட முடியாது. தீர்ப்பு வருஷத்துக்கு வருஷம் மாறுவதாலும், பழைய தீர்ப்புகள் மண்ணில் பத்திரமாக இருப்பதாலும் இரண்டு நிறமும் தங்குகின்றன. இந்த மாதிரி எளிய கணக்குகளால் வருஷாந்திர ஏற்ற இறக்கம் முழுவதையும் விளக்க முடியவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மையும் எனக்குப் பிடித்தது.

சரி, ஒரே இடத்தில் இரண்டு நிறம் நிற்பதற்கு அது விளக்கம். இடத்துக்கு இடம் மாறுவதற்கு? இதற்கு ஷெம்ஸ்கியும் பியர்ஸிசுடெக்கும் ஓர் அருமையான இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆழமில்லாத ஒரு ஓடைப் பள்ளம். இந்தக் கரையில் எல்லாச் செடியும் நீலம், அந்தக் கரையில் எல்லாச் செடியும் வெள்ளை. பள்ளம் ஒன்றும் பெரிய தடுப்பு இல்லை. இங்கே இரண்டு சோதனை. முதலாவது, நிறத்தோடு சம்பந்தமில்லாத வேறு மரபு அடையாளங்களை இரண்டு கரையிலும் ஒப்பிட்டார்கள். குலுக்கல்தான் காரணம் என்றால் அந்த அடையாளங்களும் கரைக்குக் கரை வேறுபட்டிருக்க வேண்டும். குலுக்கலுக்கு எந்த மரபணு என்ற பாரபட்சம் கிடையாதே. ஆனால் வேறுபாடே இல்லை. நிறம் மட்டும்தான் பள்ளத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. இரண்டாவது, நீலக் கரைச் செடியை வெள்ளைக் கரையிலும், வெள்ளையை நீலக் கரையிலும் மாற்றி வளர்த்துப் பார்த்தார்கள். உள்ளூர் நிறமே நன்றாகப் பிழைத்தது. மண்ணைச் சோதித்தால் இரு கரை மண்ணும் வேறு; கூட வளர்கிற மற்றச் செடிகளும் வேறு. 1941-இல் பார்வைக்கு ஒரே மாதிரி தெரிந்த பாலைவனம் செடியின் வேருக்கு ஒரே மாதிரி இருக்கவில்லை. 2007-இல் வந்தது இந்தக் கட்டுரை.

மண்ணில் இருக்கிற எது நீலத்துக்கு ஒத்துப்போகிறது என்று பிரித்துக் காட்டுகிற சோதனை அல்ல அது. ஆனால் பொதுவாக இதற்கு ஒரு வழி தெரியும். ஆந்தோசயனின் தயாராகிற அதே படிவரிசையில்தான் செடி வேறு பல பொருட்களையும் செய்கிறது. புற ஊதா வெயிலைத் தாங்க, வறட்சியைத் தாங்க, பூச்சியை விரட்ட. ஒரு படியைத் திறந்தாலோ மூடினாலோ பூவின் நிறம் மட்டும் மாறாது. இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் சரக்குப் போக்குவரத்து மாறும். நம் கண்ணில் படுவது நிறம். செடிக்குப் பிரச்சனை வேறு எங்கோ இருக்கலாம்.

கலிஃபோர்னியாவின் காட்டு முள்ளங்கி இதற்கு நல்ல சாட்சி. அதில் மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு, செம்பழுப்பு என்று நாலு நிறப் பூ. தேனீக்களுக்கு மஞ்சளும் வெள்ளையும்தான் இஷ்டம். அப்படியானால் ஆந்தோசயனின் உள்ள மற்ற இரண்டும் எப்போதோ ஒழிந்திருக்க வேண்டாமா? ரெபெக்கா இர்வின், ஷாரன் ஸ்ட்ராஸ் குழு 2003-இல் காட்டியது: இலை தின்னும் பூச்சிகள் பலவும் அதே மஞ்சள், வெள்ளைச் செடிகளில்தான் கொழுக்கின்றன. நண்பனுக்குப் பிடித்த நிறமே எதிரிக்கும் பிடித்துப்போனால் அந்த நிறத்துக்கு என்ன லாபம்?

அதற்காகப் பூச்சியின் கண்ணுக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய மலைப் புல்வெளிகளில் டாக்டிலோரைசா சம்புசினா என்று ஓர் ஆர்க்கிட். மஞ்சளும் ஊதாவும் கலந்து பூக்கும். மகா பித்தலாட்டக்காரப் பூ. உள்ளே ஒரு சொட்டுத் தேன் கிடையாது. குளிர்காலம் முடிந்து புதிதாக வெளிவரும் பம்பிள்பீ என்ற ரோமத் தேனீ முதலில் கண்ணில் பட்ட நிறத்தில் நுழையும். ஏமாறும். “இந்த நிறம் வேண்டாம்” என்று மற்றதற்குத் தாவும். அங்கேயும் ஏமாறும், அது வேறு விஷயம். அதிகம் இருக்கிற நிறத்தில்தான் அதிகம் ஏமாறுவதால், குறைவாக இருக்கிற நிறத்துக்குப் பூ ஒன்றுக்கு அதிக வருகை. லூக் ஜிகோர்ட் குழு மஞ்சள்-ஊதா விகிதத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து 2001-இல் இதை நிறுவியது. எது அரிதோ அதற்கு லாபம். பெருகியதும் லாபம் போய்விடும். இரண்டு நிறமும் தராசு மாதிரி ஆடிக்கொண்டே நிற்கும்.

அரிதாக இருப்பது எல்லா இடத்திலும் லாபம் இல்லை. நம் ஊர் வெள்ளெருக்கு ஊதா எருக்குக் கூட்டத்தில் அபூர்வம். அதனாலேயே அதன் வேரில் பிள்ளையார் செய்யத் தோண்டுகிறார்கள். வேர் போனால் செடி போச்சு. அதே பக்தியில் வாசலில் கொண்டுவந்து நட்டு வளர்க்கிறவர்களும் உண்டு. இந்த வரவுசெலவைப் பார்த்தால், ரோட்டோரத்து எருக்கில் நிறத் தேர்வு நடத்துகிற மிருகம் நாம்தான் என்று தோன்றுகிறது. எண்ணிப் பார்க்க யாராவது மாணவர் கிளம்பினால் சந்தோஷம். வருஷா வருஷம் அதே சாலையில் எண்ண வேண்டும், காயில் விதையையும் எண்ண வேண்டும். அது மட்டும் கட்டாயம்.

நண்பரின் வேலிக்கு என் பதில் சப்பென்றுதான் இருக்கும்: யாரோ இரண்டு விதையையும் கொண்டுவந்து போட்டிருப்பார்கள். தோட்டத்துக் கொடியில் மனிதக் கையை முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ரைட் விஷயத்தில் ஒன்று பாக்கி. மொஹாவே எண்களோடு மல்லுக்கட்டியபோது, ஒரு பெரிய கூட்டம் உள்ளுக்குள் எவ்வளவு பிரிந்து கிடக்கிறது என்று அளக்க அவர் ஓர் அளவுகோல் செய்யத் தொடங்கினார். 1951-இல் அது முழு வடிவம் பெற்றது. இன்றைக்குப் புலி, மீன், நெல், மனிதன் என்று எந்த இனத்தின் மரபுப் பிரிவை அளந்தாலும் அந்தக் குடும்பத்து அளவுகோல்தான். 2007-இல் ஓடைப் பள்ளத்தின் இரு கரையையும் ஒப்பிட்டு, ரைட் சொன்னது இந்தப் பூவுக்குப் பொருந்தாது என்று காட்டிய வாதமும் அந்த வழியில் வந்ததுதான்: மற்ற மரபணுக்களின் பிரிவு எவ்வளவு, நிறத்தின் பிரிவு எவ்வளவு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.